திரிந்த பாலும் திரண்ட பையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பால் திரிந்தால் வீட்டில் பழி வரும். ஆய்வுக்கூடத்தில் மதிப்பெண் வரும். ஒரே நிகழ்ச்சி ஓரிடத்தில் நட்டமாகவும் மற்றோரிடத்தில் பாடமாகவும் இருப்பது எவ்வாறு? இக்கேள்வி சென்ற கோடையில் என் மனத்தில் எழுந்தது. அதற்கு விடை தேடிச் சென்ற நான், அமெரிக்க நாட்டு இனிப்பு ஒன்றைச் செய்து முடித்தேன். அந்த அனுபவத்தையும் அதன்வழி நான் கற்ற வேதியியலையும் என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் இங்கே கூற விழைகிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இரண்டு கறவை மாடுகளும் என் அன்னையின் கூலி வேலையுமே எங்கள் வருவாய். பிற்பகல் இரண்டரை மணிக்கு அம்மா பால் கறந்து வைப்பார். கல்லூரி விட்டு வந்து, கேனை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு சொசைட்டியில் ஊற்றி வருவது என் வேலை. ஒரு நாள் பருவத் தேர்வு குறித்து நண்பர்களுடன் பேசிக்கொண்டிருந்து பேருந்தைத் தவறவிட்டேன். நான் சொசைட்டியை அடைந்தபோது மணி ஆறரை. அங்கிருந்தவர் சோதனைக்குழாயில் சிறிது பாலை எடுத்துச் சூடாக்கினார். குழாயின் சுவரில் வெண்ணிறத் துகள்கள் ஒட்டின. “திரிஞ்சிருக்கு, எடுத்துட்டுப் போங்க” என்றார். நான்கு லிட்டர் பால் வீடு திரும்பியது.

அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “கேனை நான் நல்லாக் கழுவலையோ என்னமோ கண்ணு” என்று தம்மையே நொந்துகொண்டு, பாலைத் தென்னை மரத்தடியில் ஊற்றினார். தவறு கேனுடையதன்று, என்னுடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை எடுத்துச் சொல்ல அன்று எனக்குச் சொற்களும் இல்லை, துணிவும் இல்லை.

மறுவாரம் வகுப்பில் கூழ்மங்கள் பற்றிய பாடம். பேராசிரியர் கரும்பலகையில் எழுதிய தலைப்பு ‘திரிதல்’. நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அம்மாவின் வாயில் வழங்கும் அதே சொல்!

திரிதல் என்பது யாது?

பால் பார்வைக்கு ஒரே நீர்மமாகத் தோன்றினாலும் உண்மையில் பல பொருள்கள் கூடி வாழும் ஓர் ஊர். பசும்பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு நீர். கொழுப்பு சிறு துளிகளாக அந்நீரில் மிதக்கிறது. இத்தகைய அமைப்புக்கு நம் பாடநூல் சூட்டியுள்ள பெயர் ‘பால்மம்’. பாலின் பெயராலேயே ஓர் அறிவியல் சொல் அமைந்திருப்பது நமக்குப் பெருமையே.

பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது தனித்தனி மூலக்கூறாக நில்லாமல், ஆயிரக்கணக்கில் சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாக உலவுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் உருண்டைகளை வரிசையாக அடுக்கலாம். ஒவ்வோர் உருண்டையின் மீதும் எதிர்மின்னூட்டம் உண்டு. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது நாம் பள்ளியிலேயே படித்தது. அந்த விலக்கத்தாலும், மேற்பரப்பில் மயிரிழை போல் நீட்டிக்கொண்டிருக்கும் புரத நுனிகளாலும் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளாமல் நிற்கின்றன.

புதிதாகக் கறந்த பாலின் பி.எச். மதிப்பு 6.6 முதல் 6.7 வரை. அமிலம் சேரச் சேர இம்மதிப்பு குறைகிறது. உருண்டைகளின் மின்னூட்டமும் தணிகிறது. மதிப்பு 4.6ஐ அடையும்போது கேசீனின் நிகர மின்னூட்டம் சுழியாகிவிடும். இதுவே சமமின்புள்ளி. விலக்கும் விசை நீங்கியதும் உருண்டைகள் ஒன்றோடொன்று கைகோத்து, கொழுப்பையும் நீரையும் தம்முள் சிறைப்படுத்திக்கொள்கின்றன. பால் தயிராவதும், எலுமிச்சை பிழிந்தால் பால் திரிவதும் இவ்வாறே.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். சொசைட்டிக்கு நான் கொண்டு சென்ற பால் கேனில் நீர்மமாகத்தானே இருந்தது? குழாயில் மட்டும் ஏன் திரிந்தது? இதற்கும் விடை உண்டு. அமிலமும் வெப்பமும் கூட்டாளிகள். கொதிநிலையில் பால் 4.6 வரை காத்திராது, 5.8 அளவிலேயே திரிந்துவிடும். கோடை வெயிலில் நான்கு மணி நேரம் நின்ற பாலில் நுண்ணுயிர்கள் பெருகி, பால் சர்க்கரையாகிய லாக்டோசை லாக்டிக் அமிலமாக மாற்றியிருந்தன. கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றத்தைக் குழாயின் சூடு வெளிப்படுத்திவிட்டது.

பையின் பிறப்பு

அந்நாள்களில் நம் கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்த அமெரிக்கச் சமையல் நூல் ஒன்று கண்ணில் பட்டது. அதில் கிரீம் சீஸ் பை என்ற இனிப்பின் செய்முறை இருந்தது. கிரீம் சீஸ், டின்னில் வரும் கண்டென்ஸ்டு மில்க், எலுமிச்சைச் சாறு ஆகிய மூன்றையும் கலந்து, பிஸ்கட் தூளால் அமைத்த தட்டில் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும், அவ்வளவுதான். அடுப்பும் இல்லை, முட்டையும் இல்லை, மாவும் இல்லை. பிறகு எப்படி அது கத்தியால் வெட்டும் அளவுக்கு இறுகுகிறது? பேராசிரியரிடம் கேட்டேன். “செய்து பாரம்மா, பிறகு நீயே எனக்குச் சொல்” என்றார்.

இந்த எளிய பையின் பின்னால் பெரிய வரலாறு உண்டு. கிரீம் சீஸ் என்பது பாலுடன் பாலேட்டையும் சேர்த்து, லாக்டிக் அமில நுண்ணுயிர்களால் மெல்லப் புளிக்கவைத்து, நீரை வடித்துப் பெறும் மென்மையான பாலாடைக்கட்டி. நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்னும் ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால் பண்ணையாளர் 1870களில் இதை ஆலையில் செய்து விற்கத் தொடங்கினார். 1880இல் இது பிலடெல்ஃபியா என்ற பெயருடன் சந்தைக்கு வந்தது. பிலடெல்ஃபியா நகரில் செய்யப்படாவிடினும், பால் பொருள்களுக்குப் புகழ்பெற்ற அவ்வூரின் பெயரை வணிகர்கள் இதற்குச் சூட்டினர்! அமெரிக்க அரசின் விதிப்படி கிரீம் சீஸில் கொழுப்பு 33 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஈரம் 55 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது.

கண்டென்ஸ்டு மில்க்குக்கு 1856இல் காப்புரிமை பெற்றவர் கெயில் போர்டன். குளிர்பெட்டி இல்லாத அக்காலத்தில் பால் கெடாமல் காப்பதே அவர் நோக்கம். வெற்றிடத்தில் நீரைச் சுண்டவைத்துச் சர்க்கரை சேர்த்த பால் பல மாதங்கள் கெடாமல் இருந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்களுக்கு இது உணவாயிற்று.

அடித்தட்டுக்கு அமெரிக்கர்கள் பயன்படுத்துவது கிரஹாம் பிஸ்கட். முழுக்கோதுமை உணவைப் பரப்பிய சில்வெஸ்டர் கிரஹாம் என்பவரின் பெயரால் வழங்குவது அது. நம் பாடத்திலும் ஒரு கிரஹாம் உண்டு. ‘கொலாய்டு’, அதாவது கூழ்மம், என்ற சொல்லை 1861இல் உருவாக்கிய ஸ்காட்லாந்து வேதியியலார் தாமஸ் கிரஹாம் அவர். உறவினர் அல்லாத இவ்விருவரும் இந்தப் பையில் மேலும் கீழுமாகச் சந்திக்கிறார்கள்: கீழே சில்வெஸ்டரின் பிஸ்கட், மேலே தாமஸின் கூழ்மம்!

பையைத் திரட்டும் இரு அமிலங்களையும் முதலில் பிரித்தெடுத்தவர் ஒருவரே என்பதும் வியப்புக்குரியது. சுவீடன் நாட்டு மருந்தாளர் ஷீலே 1780இல் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தையும், 1784இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தையும் பிரித்தார்.

தோற்ற கதை

“அம்மா, பை செய்யப் போறேன்” என்றேன். “பையா? கடைக்குக் கொண்டு போறதுக்கா கண்ணு?” என்று கேட்டார். விளக்கியதும் சிரித்துவிட்டு, ஒன்றரை லிட்டர் பாலை அளந்து தந்தார். எங்கள் ஊர்க் கடையில் கிரீம் சீஸ் கிடைக்காது; கிடைத்தாலும் வாங்க இயலாது. ஆகவே வீட்டிலேயே செய்யத் துணிந்தேன். கண்டென்ஸ்டு மில்க் டின்னை என் உதவித்தொகையில் வாங்கினேன். அதன் விலை எங்கள் ஒரு வேளைப் பால் பணத்துக்குச் சமம்.

கொதிக்கின்ற பாலில் மூன்று எலுமிச்சைகளின் சாற்றை ஒரே வீச்சில் ஊற்றினேன். பால் உடனே கட்டி கட்டியாகத் திரிந்தது. வடித்து, அரசு வழங்கிய விலையில்லா மிக்ஸியில் அரைத்து, டின் பாலுடன் கலந்து, பக்கத்துக் கடை அக்காவின் குளிர்பெட்டியில் சோடாப் புட்டிகளுக்கிடையே வைத்தேன். மறுநாள் வாயில் இட்டால், சர்க்கரைப் பாகில் மணலைக் கலந்ததுபோல் இருந்தது. தெருப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள் என்பது வேறு. ஒரு டின்னும் ஒன்றரை லிட்டர் பாலும் போயின. அம்மா அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே எனக்குப் பாரமாயிற்று.

பேராசிரியர் கேட்டுவிட்டு, “ஆய்வுக்கூடத்தில் எடுத்த எடுப்பில் புட்டி மருந்தையெல்லாம் கொட்டுவாயா? சிறு அளவில் செய், ஒப்பிட்டுப் பார்” என்றார். இரண்டாம் டின்னை நான்காகப் பகுத்தேன். நான்கு எவர்சில்வர் டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் 100 கிராம் டின் பால், 55 கிராம் பாலாடை. முதல் மூன்றில் மட்டும் 20 மில்லி எலுமிச்சைச் சாறு. நான்காவதில் சாறு இல்லை. ஓர் இரவு குளிரவைத்தேன்.

முதல் டம்ளர். சோதனை: துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர். காண்பன: வழுவழுப்பு, ஆனால் கரண்டியில் நிற்கவில்லை. அறிவன: மெல்லப் புளித்ததால் வலை மென்மையாக அமைந்தது, நீர் மிகுதியால் இறுகவில்லை.

இரண்டாம் டம்ளர். சோதனை: கொதிக்கும் பாலில் ஒரே வீச்சில் திரித்தது. காண்பன: இறுகியது, மணல்போல் நறநறப்பு. அறிவன: மிகு வெப்பத்திலும் விரைவிலும் கேசீன் நெருங்கிச் சுருண்டு கடினமாயிற்று.

மூன்றாம் டம்ளர். சோதனை: சூடு சற்றுத் தணிந்த பாலில், நீர் கலந்த சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுத் திரித்து, பாலேடு சேர்த்து அரைத்தது. காண்பன: வழுவழுப்பு, வெட்டினால் விளிம்பு நின்றது. அறிவன: இதுவே வேண்டியது.

நான்காம் டம்ளர். சோதனை: மூன்றாவது போன்றதே, எலுமிச்சை மட்டும் இல்லை. காண்பன: காலையிலும் வழிந்தோடியது. அறிவன: பையை நிற்கவைப்பது குளிர் மட்டுமன்று, அமிலமே முதற்காரணம்.

நான்காவது டம்ளரை வெறும் வீண் என்று கடை அக்கா எண்ணினார். எனக்கோ அதுதான் பேராசிரியரின் கேள்விக்கு விடையைத் தந்தது. டின் பாலில் கேசீன் செறிந்து கிடக்கிறது. எலுமிச்சை சேர்ந்தவுடன் அது திரளத் தொடங்குகிறது. ஆனால் அதிலுள்ள சர்க்கரை ஏறத்தாழப் பாதியளவு. அது நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, புரதம் கட்டியாகத் திரிந்து நீர் பிரிந்துவிடாமல் தடுக்கிறது. எனவே மென்மையான கூழாகிறது. பின்னர் குளிரில் கொழுப்பு உறைந்து அந்தக் கூழைத் தாங்கி நிற்கிறது.

செய்முறை

நண்பர்கள் வீட்டில் செய்துபார்க்க ஏதுவாக, வெற்றி பெற்ற முறையைக் கீழே தருகிறேன். எட்டுப் பேருக்குப் போதும்.

தேவையானவை: கொழுப்பு நீக்காத பால் ஒன்றரை லிட்டர், பாலேடு 3 மேசைக்கரண்டி, கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம், எலுமிச்சை எட்டு, மாரி பிஸ்கட் 150 கிராம், வெண்ணெய் 80 கிராம், உப்பு ஒரு சிட்டிகை.

1. பிஸ்கட்டை நன்றாகப் பொடித்து, உருக்கிய வெண்ணெயுடன் பிசறவும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும். ஒன்பது அங்குல அகலமுள்ள குழிவான எவர்சில்வர் தட்டில் அடியிலும் ஓரத்திலும் அழுத்திப் பரப்பி, அரை மணி நேரம் குளிரவைக்கவும். (நம் தேநீர்க் கடைகளில் கிடைக்கும் மாரி பிஸ்கட், 1874இல் ரஷ்ய இளவரசி மரியாவின் திருமணத்தை ஒட்டி இலண்டனில் பிறந்தது.)

2. பாலைக் காய்ச்சி இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிடவும். மூன்று எலுமிச்சைகளின் சாற்றில் அதே அளவு நீர் கலந்து, கரண்டி கரண்டியாக விட்டு மெல்லக் கிளறவும். பால் திரிந்து, பசுமஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர் தோன்றியவுடன் சாறு விடுவதை நிறுத்தவும். அந்நிறம் ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமினுடையது.

3. சுத்தமான வேட்டித் துணியில் வடித்து, குளிர்ந்த நீரால் ஒருமுறை அலசி, அரை மணி நேரம் தொங்கவிடவும். கல் வைத்து அழுத்தக் கூடாது, அழுத்தினால் பனீராகிவிடும். ஏறக்குறைய 230 கிராம் பாலாடை கிடைக்கும்.

4. பாலாடையுடன் பாலேடும் உப்பும் சேர்த்து மிக்ஸியில் வெண்ணெய் போலாகும்வரை அரைக்கவும். விரலிடையே தேய்த்தால் துகள் தட்டுப்படக் கூடாது. இவ்விடத்தில் பொறுமை தேவை.

5. இதனுடன் டின் பாலைச் சேர்த்துக் கலக்கவும். மீதி எலுமிச்சைகளைப் பிழிந்து 80 மில்லி சாறு அளந்து, இறுதியாகச் சேர்க்கவும். ஓரிரு நிமிடங்களில் கரண்டியின் அடியில் கலவை கனப்பதைக் கையே உணரும். நம் கண்ணெதிரே திரிதல் நடைபெறும் தருணம் அது.

6. பிஸ்கட் தட்டில் ஊற்றிச் சமப்படுத்தி, மூடி, நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் குளிர்பெட்டியில் வைக்கவும். அமெரிக்கர்கள் மேலே செர்ரிப் பழக் கூழ் பரப்புவர். நான் மாதுளை முத்துக்களைத் தூவினேன்.

பித்தளைப் பாத்திரத்தைப் பயன்படுத்த வேண்டா. எலுமிச்சை அமிலம் செம்பைக் கரைத்துவிடும். “பித்தளையில புளி, எலுமிச்சை ஆகாது” என்று என் அம்மா எந்நாளும் சொல்வதும் இதுவே. காரணத்தைத்தான் நான் கல்லூரியில் கற்றேன். விதியை அவர் முன்பே அறிந்திருந்தார்.

ஓர் எச்சரிக்கை

சொசைட்டி திருப்பியனுப்பும் பாலில் இதைச் செய்யலாமே என்று எனக்கும் ஆசை எழுந்தது. பேராசிரியர் தடுத்தார். நாம் உறை ஊற்றும்போதும் எலுமிச்சை பிழியும்போதும், காய்ச்சிய பாலில், நாம் தேர்ந்த ஒன்றால், நாம் விரும்பும் வேளையில் திரிக்கிறோம். தானே திரிந்த பாலிலோ எந்த நுண்ணுயிர் புகுந்தது என்பதை நாமறியோம். சில நுண்ணுயிர்கள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. இந்தப் பை அடுப்பேறாத பண்டம். ஆதலால் தூய்மை இருமடங்கு தேவை. குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும்.

முடிவுரை

மூன்றாம் டின்னில் பை முழுமையாகத் திரண்டது. கடை அக்காவுக்கு ஒரு துண்டு, பேராசிரியருக்கு ஒரு துண்டு, வகுப்பு நண்பர்களுக்குச் சிறு சிறு துண்டுகள். அம்மா ஒரு வாய் தின்று, “நல்லாத்தான் இருக்குது. திரட்டுப்பாலுக்குத் தங்கச்சி மாதிரி” என்றார். அந்த வேளையில்தான் அன்று சொல்லத் துணியாததைச் சொன்னேன். “அன்னைக்குப் பால் திரிஞ்சது கேனால இல்லம்மா. நான் நேரங்கழிச்சு வந்ததால. வெயிலில் நிக்க நிக்கப் பால்ல அமிலம் கூடும்.” அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்ப குளிர்ச்சியா வெச்சா நிக்குமா?” என்று கேட்டார்.

ஓராண்டு படித்த நான் கேட்க மறந்த கேள்வி அது. இப்போது கேனைக் கொதிநீரில் அலசிக் கவிழ்த்து உலர்த்துகிறோம். கறந்த பாலைக் கிணற்று நீர் நிரப்பிய தொட்டியில் நிழலில் வைத்து, மேலே நனைத்த சாக்கைச் சுற்றுகிறோம். சாக்கின் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு போகிறது. நானும் பேருந்தைத் தவறவிடுவதில்லை. அதன்பின் அந்தக் கோடையில் எங்கள் பால் ஒருமுறையும் திரும்பி வரவில்லை.

திரிதல் குற்றமன்று. நம் கட்டுக்குள் நிகழ்ந்தால் அது தயிர், பாலாடை, பை. கட்டை மீறினால் நட்டம். வெப்பம், அமிலம், காலம் ஆகிய மூன்றையும் அறிந்தவர் கையில் பால் பணிந்து நடக்கும். மாணவ நண்பர்களே, நம் பாடநூலில் காணும் சொற்கள் பல நம் அன்னையர் வாயில் முன்பே வழங்குபவை. மாலையில் வீட்டுக்குச் சென்றதும், அன்று படித்த பாடத்தை ஒருமுறை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி, அடுத்த பாடமாக அமையலாம்.